அட்டையில் இல்லாத பட்டன்

போன சனிக்கிழமை நடுவராகப் போய் மாட்டிக்கொண்டேன்.

கொல்லிமலை அடிவாரத்தில், காரவள்ளி பக்கம் ஓர் அரசுப் பள்ளி. சுற்றுவட்டார அரசுப் பள்ளிகளுக்கு டைப்பிங் போட்டி. பத்து நிமிடத்தில் ஒரு பக்கத்தை முதலில் அடித்து முடிக்க வேண்டும். ஜெயிக்கும் பள்ளிக்குப் பரிசு, ஒரு புது கம்ப்யூட்டர்.

யாருடைய யோசனையோ! கம்ப்யூட்டர் இருக்கிற பள்ளிதானே ஜெயிக்கும்? பணம் பணத்தோடு சேரும் என்பார்கள்... கம்ப்யூட்டரும் அப்படித்தான் போல.

வாசலூர்பட்டிக்கு அப்பால் ஒரு மலைப் பள்ளியிலிருந்து எட்டாம் வகுப்பு கோபிகா வந்திருந்தாள். கூடவே சுமதி டீச்சர். அவர்கள் பள்ளியில் இருந்த ஒரே கம்ப்யூட்டரும் போன மழையில் உயிரை விட்டுவிட்டதாம்.

"இதுல ஜெயிச்சாத்தானுங்க சார் எங்களுக்குக் கம்ப்யூட்டரு," என்றார் டீச்சர்.

போட்டி தொடங்கியது. போட்டி நடத்திய பள்ளியின் மாணவி படபடவென்று அடித்தாள், அழித்தாள், மறுபடி அடித்தாள், மணிக்கு முன்பே முடித்தும்விட்டாள். கோபிகாவோ ஒவ்வொரு எழுத்தாக... நிதானமாக. மணி அடித்தபோது அவளுக்கு இன்னும் நான்கு வரி பாக்கி. ஆனால் அடித்தவரை ஒரு தப்பு கிடையாது.

"எப்படிம்மா?" என்று கேட்டேன்.

"அட்டையில கீபோர்டு வரைஞ்சு பழகறோமுங்க சார். ஒருத்தி அடிக்கோணும், இன்னொருத்தி வெரலப் பாத்துக்கிட்டே இருக்கோணும். தப்பு வந்தா மொதல்ல இருந்து அடிக்கோணும். அட்டையில அழிக்க முடியாதுல்லீங்க?"

பரிசை இவளுக்கே கொடுத்துவிடலாம் போலிருந்தது. ஆனால் விதி விதிதானே? பக்கத்தை முடித்தவளின் பள்ளிப் பெயரைத்தான் வாசித்தேன். கோபிகா கை தட்டினாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜெயித்த பள்ளியின் தலைமையாசிரியை மைக்கை வாங்கினார்.

"ஏனுங்க சார், எங்ககிட்ட ஏற்கெனவே இருபது இருக்குதுங்க. அதுல ரெண்டு இன்னும் பெட்டிகூடப் பிரிக்கலீங்க. இது மேல, மலைப் பள்ளிக்கூடத்துக்கே போகட்டுங்க."

ஜெயித்த மாணவியே பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து பஸ் வரை தூக்கி வந்தாள். ஜன்னலோர சீட் கம்ப்யூட்டருக்கு. எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் டீச்சர் நின்றுகொண்டே கடந்தாராம்.

நேற்று அவரிடமிருந்து போன்.

"சார், கோபிகா காலையில இருந்து வேணுமின்னே தப்புத் தப்பா அடிச்சு, அழிச்சு அழிச்சு வெளையாடறாளுங்க. என்னங்க பண்றது?"

"விடுங்க டீச்சர்," என்றேன். "நல்லா வெளையாடட்டும்."

வசதி என்பது வேறென்ன? பயப்படாமல் தப்புச் செய்ய ஒரு பட்டன்... அவ்வளவுதான்.