நெற்றியில் டெஸ்டர்

எங்கள் அத்தான் சீட்டி அடித்தால் தெருநாய்கூட எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விடும். அவ்வளவு மோசம். என்ன பாட்டு என்று அவரிடமே கேட்டால்தான் தெரியும், சில நேரம் அவருக்கும் தெரியாது. வயரிங் வேலை பார்ப்பவர். ஏணியில் ஏறிவிட்டால் வாய் சும்மா இருக்காது. "அதை நிறுத்துங்க, காதுல ஓட்டை விழுது!" என்று என் அக்கா கத்தாத நாள் கிடையாது. நான் அவர்களுக்கு மேல்மாடியில் குடியிருந்தேன். இந்த இரண்டு சத்தமும் படிக்கட்டு வழியாக மேலே வந்தால்தான் எனக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கும். இப்போது அந்தக் கட்டிடத்தை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் காது தன்பாட்டுக்கு அந்தச் சத்தத்தைத் தேடுகிறது.

நாங்கள் அங்கே இருந்த காலத்தில், ஒரு வருஷம் அந்தச் சீட்டி நின்றுபோனது. அத்தான் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. சண்டை இல்லை, நஷ்டம் இல்லை, காரணம் கேட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். ஒருநாள், "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்று சாதாரணமாகச் சொன்னார். அக்கா அன்றைக்கே அவரை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மெல்ல மெல்லச் சாப்பிட்டார், தூங்கினார், கருவிப் பையைத் தோளில் மாட்டினார். அந்த மாத்திரையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆளை மீட்டுக் கொடுத்தது அதுதான்.

சீட்டி மட்டும் வரவில்லை. அக்காவுக்கும் கத்துவதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. சமையலறையில் பாத்திரத்தோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தாள்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே திடீரென்று கரண்ட் நின்றது. இறங்கிப் போய்ப் பார்த்தால் வீடு போர்க்களம். சுவிட்ச் போர்டெல்லாம் கழற்றித் தொங்குகிறது. ஃப்ரிட்ஜ் நடுக்கூடத்தில் நிற்கிறது.

"எங்கயோ கரண்ட் லீக் ஆகுது," என்றார் அத்தான். முகமெல்லாம் வியர்வை. "நாலஞ்சு நாளா எனக்கு ஷாக் அடிச்சுக்கிட்டே இருக்கு."

"எனக்கு ஒண்ணும் அடிக்கலையே," என்றாள் அக்கா.

"உனக்கு என்ன தெரியும்? கண்ணை இந்தப் பக்கம் திருப்பினா ஜிர்ருங்குது."

"எதைத் தொட்டா அடிக்குது அத்தான்?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "எதையும் தொடல. தலைக்குள்ள அடிக்குது."

சொல்லிவிட்டு, மெயினைப் போட்டார். கரண்ட் இருந்தால் விளக்கு எரிகிற டெஸ்டரை எடுத்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து, "லைட் எரியுதா பாரு," என்றார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், "மாத்திரையை நிறுத்திட்டீங்களா?"

அத்தான் டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகினார். "சீட்டி அடிக்க உதட்டைக் குவிச்சா வெறும் காத்துதான் வருது. அதான் நிறுத்திப் பார்க்கலாம்னு."

மறுநாள் டாக்டரம்மா அவரைத் திட்டவில்லை. "கரண்ட் வேலை பார்க்கிறவர், எடுத்த எடுப்பிலேயே மெயினை இழுத்துட்டீங்க. உடம்பு மாத்திரைக்குப் பழகிப்போச்சு, திடீர்னு நிறுத்தினா தாங்காது. திரும்பப் போடுங்க. நிறுத்தணும்னா நான் சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமா இறக்குவோம்," என்றார்.

"ஃபேன் ரெகுலேட்டர் மாதிரியா?"

"அதைவிட மெதுவா."

மாதக்கணக்கில் இறக்கினார்கள். அளவைக் குறைக்கிற ஒவ்வொரு தடவையும் அத்தானுக்குத் தலை சுற்றும். கனவில் யாரையோ திட்டுவார். சோப்பு விளம்பரத்துக்குக் கண் கலங்குவார், விளம்பரத்தில் அழுவதற்கு ஒன்றுமே இருக்காது. கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். தலைசுற்றல் இருக்கும்வரை ஏணியில் கால் வைக்கக் கூடாது என்று அக்கா உத்தரவு போட்டாள். அவர் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, தெருக்காரர்களின் டேபிள் ஃபேனையும் இஸ்திரிப் பெட்டியையும் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இன்றைக்கும் சூடான செம்புக் கம்பிச் சுருள் வாசனை வந்தால் அந்தக் கூடம்தான் ஞாபகம் வரும்.

கஷ்டம் அதுகூட இல்லை. அவர் ஒரு வேளை சோறு வேண்டாம் என்று சொன்னால் போதும், அக்கா மாடிக்கு ஓடி வருவாள். "இது மாத்திரை குறைச்சதாலயா, இல்ல அந்தப் பழசு திரும்ப வருதாடி?" எனக்கு எப்படித் தெரியும்? ஒருமுறை அவர் மூன்று நாள் சுவர்ப் பக்கமே திரும்பிப் படுத்தார். டாக்டரம்மாவிடம் போனோம். மாத்திரை அளவை ஒரு படி மேலே ஏற்றிவிட்டு, "அவசரமே இல்ல," என்றார். அத்தானுக்கு அவமானம். "இறங்கினதுல பாதி போச்சே," என்று வழியெல்லாம் புலம்பினார். அக்கா அவர் சட்டைக் கையை விடவே இல்லை.

கடைசி மாத்திரையும் முடிந்து, மழைக்காலம் வந்து போனது. ஷாக் நின்றுவிட்டது. சாப்பிட்டார், தூங்கினார். சீட்டியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வராவிட்டால் போகட்டும், ஆள் இருக்கிறாரே என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். அக்கா அப்படித் தேற்றிக்கொண்டாளா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அப்போது என் வீட்டு ஃபேன் கடகடவென்று ஆட ஆரம்பித்தது. அத்தான் ஏணியோடு மேலே வந்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அக்கா என் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இறுக்கிப் பிடி வாயாடி. விழுந்தா உன் தலைமேலதான்," என்றார்.

ஸ்க்ரூவைத் திருகினார். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. பிறகு எதுவோ ஒரு பாட்டு, சுருதியும் இல்லாமல் தாளமும் இல்லாமல், கேட்கச் சகிக்காமல்.

காய் நறுக்கும் சத்தம் நின்றது. நான் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அதை நிறுத்துங்க!" என்று அக்கா உள்ளேயிருந்து கத்தினாள். குரல் பாதியிலேயே உடைந்துவிட்டது. "காதுல ஓட்டை விழுது!"

அத்தான் நிறுத்தவில்லை.