சோறும் கட்டிலும்

ஊதியமோ வேறு பலனோ பெறாமல் தொண்டு செய்யும் மாணவருக்கு வேலை அனுமதி தேவையில்லை. பிரின்சி போக நினைத்த நாட்டின் விசா விதி இவ்வளவுதான். முப்பத்திரண்டு ஆண்டுகள் துறைமுக அலுவலகத்தில் கோப்பு பார்த்த எனக்கு மட்டும் அதில் ஒரு சந்தேகம் வந்தது.

திரேஸ்புரத்தில் சங்கு குளிப்பவரின் மகள் பிரின்சி, கடல் உயிரியல் மாணவி. கடைசி விடுமுறைக்கு அவளுக்கு மூன்று வெளிநாட்டு வாய்ப்புகள் வந்திருந்தன. ஆய்வகப் பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டும், அதற்கு வழியில்லை. உணவகத்தில் சம்பளத்துக்குப் பாத்திரம் கழுவ மனமில்லை. பவளப்பாறை முகாமில் தொண்டு செய்தால் சோறும் கட்டிலும் இலவசம். அந்த விண்ணப்பத்தைத்தான் என்னிடம் சரிபார்க்கக் கொண்டுவந்தாள்.

“ஏளா, சோறும் கட்டிலும் பலன்தான். தூதரகத்துக்கு எழுதிக் கேட்டுட்டுப் போ.”

“சோறு போட்டா சம்பளமா சார்? அப்ப எங்கம்மைக்கு நான் வேலைக்காரியா?” என்று சிரித்தாள். ஆனாலும் என் பேச்சைக் கேட்டாள். கடிதத்தை நானே எழுதினேன். ஒரு காற்புள்ளிகூடக் குறை சொல்ல முடியாத கடிதம்.

பதில் வரவில்லை. நினைவூட்டினோம், அதற்கும் வரவில்லை. அவளுடைய இடத்தை முகாம்காரர்கள் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

வழியில் பார்த்த அவள் அப்பா என்னைத் தேற்றினார். “நீங்க என்ன செய்விய அண்ணாச்சி? எல்லாம் விதி.”

அவர் சொன்னது வேறு விதி. இப்போது பிரின்சி இறால் கம்பெனியில் தரம் பார்க்கிறாள். என்னிடம் எதுவும் கேட்க வருவதில்லை.

‘அனுமதி தேவையில்லை’ என்ற ஒருவரிப் பதில் வந்த நாள், முகாம் முடிந்து அவள் ஊர் திரும்பியிருக்க வேண்டிய ஜூலை முப்பது.