பால்வண்டியின் பிடிவாதப் பிரேக்

லோஹா என்ற ஊரின் மலைச்சாலையில் பட்டறை வைத்திருந்த செனைடா முன்பு பேருந்து ஓட்டியவள். ஒருநாள் பால்காரர் எவாரிஸ்தோ தன் பழைய பிக்கப் வண்டியைக் கொண்டுவந்தார். முன்சக்கரம் ஒன்று தொடமுடியாதபடி கொதித்தது.

“மூணு மெக்கானிக் பாத்தாச்சு, சக்கரத்தக் கவ்வுற காலிப்பரையும் மாத்தியாச்சு. பிரேக் புடிச்சா விடமாட்டேங்குது. நீ என்னத்தக் கிழிக்கப்போற?”

“கிழிக்கலண்ணே, திருகத்தான் போறேன்.”

வண்டியை ஜாக்கியில் தூக்கி, பிரேக்கை மிதித்துக் காலை எடுத்தாள். சக்கரம் இறுகியே நின்றது. மிதியிலிருந்து எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் குழாயைத் தளர்த்தினாள், அப்போதும் சக்கரம் அசையவில்லை. காலிப்பரில் காற்றெடுக்கும் திருகைத் தளர்த்தியதும் எண்ணெய் பீய்ச்சியது, சக்கரம் சுழன்றது.

“ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் ஹோஸ், இந்தக் குழாய்தான் எண்ணெயத் திரும்ப விடல.”

கழற்றி அறுத்தாள். உள்ளே ரப்பர் உப்பி, துளையே தெரியவில்லை.

“அடப்பாவிகளா! இதையா மூணு பேரும் பாக்கல?”

“அவங்க சாமான மாத்தினாங்கண்ணே, சோதிக்கல.”

புது ஹோஸ் மாட்டியதும் பிரேக் ஒழுங்காக விட்டது. அடுத்த வாரமே மற்றப் பால்வண்டிக்காரர்களும் அவளிடம் வந்தார்கள். செனைடா எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்தாள்.