ராசா தாடியில் ஒட்டிய சந்தனம்

பேச்சியம்மாள் அக்கா போய்விட்டார்.

காலையில் அவர் மகன் செல்வத்திடமிருந்து எஸ்எம்எஸ். "அம்மா இறந்துட்டாங்க." அவ்வளவுதான்.

ரெண்டு வருஷமாக சுகர், காலில் ஆறாத புண். எதிர்பார்த்ததுதான். இந்த வருஷம் எத்தனை துஷ்டி வீட்டுக்குப் போய்விட்டேன்... அலுத்துவிட்டது. இருந்தும் அக்கா ஊருக்கு, தாயில்பட்டி பஸ்ஸைப் பிடித்தேன். இது அக்கா.

சிவகாசியில் நாங்கள் ஒரே லேபிள் பிரஸ். நான் மெஷின், அக்கா செக்கிங். பட்டாசுப் பெட்டி லேபிளில் கலர் ஒரு முடி அளவு விலகியிருந்தாலும் லென்ஸ் வைத்துப் பார்த்து வேஸ்ட்டில் தள்ளிவிடுவார். எங்கள் மெஷின்காரர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

அதே லென்ஸில் பழைய காசும் பார்ப்பார். சாப்பாட்டு நேரத்தில் யாராவது ஒரு காசோடு வந்து நிற்பார்கள். மேஜையில் தட்டிச் சத்தம் கேட்பார், விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். அச்சில் அடித்த காசா, உருக்கி ஊற்றின போலியா என்று சொல்லிவிடுவார். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டால், "வேஸ்ட்டைப் பாத்தா வேஸ்ட்டுன்னு தெரியாதாக்கும்?"

காரியாபட்டிக்காரர் ஒருவர் ராமர் படம் போட்ட காசோடு வந்தார். அரிசியை இழுக்குமாம், கோடிக்குப் போகுமாம். அக்கா டிபன் பாக்ஸைத் திறந்து அவர் முன்னால் தள்ளினார். "எங்க, இழுக்கச் சொல்லுங்க பாப்போம். ஏன், சாம்பார் சாதம்னா ஆகாதோ?"

நாங்கள் சிரித்த சிரிப்பில் சூப்பர்வைசரே வந்துவிட்டார். அந்த மனுஷர் மட்டும் சிரிக்கவில்லை. இருந்த கொஞ்ச நிலத்தை விற்று வாங்கியிருந்தார், பாவம்.

என் கதை வேறு.

அப்பா இறந்தபோது நெற்றியில் சந்தனம் தடவி வைத்தது தாடிக்கார ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய். நெற்றிக் காசை எடுத்துவந்து பீரோவில் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா அதை மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தார்.

எனக்கு அப்போது பணமுடை. அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்தேன். கறுத்துக் கிடந்தால் எவன் வாங்குவான் என்று, குத்துவிளக்கு தேய்ப்பது போலப் புளி போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தேன். பளபளவென்று அக்காவிடம் நீட்டினேன்.

"ஒரிஜினல்தாம்லே. ஆனா ஏம்லே தேச்ச? பாதி விலை போச்சு."

லென்ஸை இன்னும் கிட்டே கொண்டுபோனார். "ஒரு பக்கம் மட்டும் சந்தனம் இருந்துருக்கு... யாரு நெத்திக் காசுலே இது?"

அப்பா என்றேன்.

அதற்கப்புறம் விலை பேசவில்லை. ஒரு வேஸ்ட் லேபிளில் மடித்துக் கையில் கொடுத்தார். "எடுத்த எடத்துல கொண்டு போய் வையி."

வைத்தேன். பளபளப்பைப் பார்த்து அம்மா கண்டுபிடித்துவிட்டார். திட்டவில்லை. "அவுக மேல பட்டதுன்னு அந்தச் சந்தனம் ஒண்ணுதான இருந்துச்சு" என்றார். பிறகு என்னோடு பேச்சே இல்லை. பத்து நாள்... ஒரே வீட்டில். வேலை முடிந்து வீட்டுக்குப் போகவே வெறுத்துவிட்டது.

ஒரு நாள் தாங்காமல் அக்காவிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சூலக்கரைக்கு, எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். லென்ஸோடு.

"இங்கன பாருங்கம்மா, ராசா தாடி இடுக்குல. மஞ்சளாத் தெரியுதா? அம்புட்டும் போகலை. இருக்கு."

அம்மா லென்ஸில் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்... அப்புறம் என் பக்கம் திரும்பி, "அக்காவுக்குக் காப்பி வாங்கிட்டு வா" என்றார்.

டம்ளரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தெருவில் அழுதுவிட்டேன்.

இன்று சாயங்காலம் சுடுகாட்டிலிருந்து செல்வம் அக்காவின் நெற்றிக் காசோடு வந்தான். சாதாரண எவர்சில்வர் ஒரு ரூபாய், ஒரு பக்கம் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. வாசலில் அவன் தங்கை புளியைக் கரைத்து வைத்துக்கொண்டு நின்றாள். தீட்டுப் போகத் தேய்த்துத்தான் உள்ளே எடுக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"தேய்க்காத தாயி. தண்ணி மட்டும் தெளிச்சு எடுத்துக்க" என்றேன்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கும் அலுப்பு. ஒரு கை தண்ணீர் தெளித்து, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சந்தனம் அப்படியே இருக்கிறது அக்கா. லென்ஸை வைத்துவிட்டுத் தூங்குங்க.