பிடித்தம்

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்ததுதான் எல்லா வினைக்கும் ஆரம்பம். எட்டாவது வரை படித்தவள் நான். எழுபதுகளின் கடைசியில் எங்கள் வீட்டு நீளக் கூடத்தில் காய் பொறுக்க உட்கார்ந்த பத்துப் பெண்களில் என்னைத் தவிர ஒன்பது பேருக்கும் கைநாட்டுதான்.

போடியில் காய் என்றால் ஏலக்காய். மற்ற காய்களுக்குத்தான் பெயர் சொல்ல வேண்டும். மலையிலிருந்து இறங்கி, ஏலம் போய், கடை முதலாளி வாங்கிய காய் மூட்டையாக எங்கள் வீட்டுக்கு வரும். காம்பைக் கிள்ளி, வெடித்ததை ஒதுக்கி, பச்சை வேறு வெளுத்தது வேறு என்று பிரித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. இடம் கொடுத்ததற்காக எனக்குக் கொஞ்சம் கூடுதல். என் வீட்டுக்காரர் போடிமெட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டினார். அவர் சம்பாதித்ததில் பாதியை அந்த ஜீப்பே தின்றது. அதனால் பொறுக்குக் காசைத் தபால் ஆபீஸில் போட்டு வந்தேன். மகளை ஆசிரியப் பயிற்சியில் சேர்க்க வேண்டும், அவள் காய் பொறுக்க உட்காரக் கூடாது. எனக்கு இருந்த ஒரே வைராக்கியம் அதுதான்.

சனிக்கிழமை கடையில் கூலி வாங்கப் போவோம். கணக்கப்பிள்ளை மை டப்பாவை நீட்டுவார். நாலு ஆண்கள் பார்க்கக் கட்டைவிரலை நீட்ட இந்தப் பெண்களுக்குக் கூச்சம். எங்கள் தெருக்காரி ஒருத்தி, என்னை மதினி என்று கூப்பிடுகிறவள், ஒரு வாரம் முகம் சிவந்து சொன்னாள்.

"எங்களுக்கும் சேத்து நீயே போட்டுரு மதினி. இந்த மையத் தொடச்சிக்கிட்டு வீதியில நடக்க முடியல."

நானும் போட்டேன். பத்துப் பேர் கூலிக்கும் ஒரே ரசீது, ஸ்டாம்பின் மேல் என் பெயர், சுழித்து ஒரு கோடு. அந்தக் கோட்டை இழுக்கும்போது எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தால் என் கையையே அறையத் தோன்றுகிறது.

கூலிச் சீட்டில் ஒரு வரி வரும். 'பிடித்தம்' என்று எழுதி, ஒரு தொகையைக் கழித்திருப்பார்கள். எங்கள் தொழிலில் பிடித்தம் என்றால் ஒரே அர்த்தம். கொடுத்த எடை திரும்பி வரவில்லை, அதனால் பிடிக்கிறார்கள். ஒரு தடவை கணக்கப்பிள்ளையிடம் கேட்டேன். "பிடித்தம்னா பிடித்தந்தான். வெரசா எடத்தக் காலி பண்ணு" என்றார். காம்பும் தூசும் போன எடை போக மிச்சம் எங்கே போகிறது? யாரோ மடியில் கட்டிக்கொண்டு போகிறாள் என்று முடிவு கட்டினேன்.

பிடித்த தொகையை எல்லார் கூலியிலும் சரிசமமாகக் கழித்தேன். என் பங்கிலும்தான், அதில் நான் யோக்கியம். ஆனால் மூன்று வருஷம், சாயங்காலம் அவர்கள் எழுந்து போகும்போது வாசலில் நின்று மடியை உதறச் சொன்னேன். முக்கியமாக அந்தத் தெருக்காரியை. அவள் கைதான் எல்லாரிலும் வேகம். வேகமான கை திருடும் என்று நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். ஒரு நாள், அவள் மகளைக் கட்டிய மாப்பிள்ளை வீட்டார் அவளைக் கூப்பிட வந்து தெருவில் நிற்கும்போதும் உதறச் சொன்னேன். உதறினாள். வெற்றிலைப் பை ஒன்றுதான் விழுந்தது.

அப்புறம் வந்தது அந்தக் கடிதம். இங்கிலீஷில் இருந்தது. பன்னிரண்டாவது முடித்திருந்த என் மகள்தான் படித்தாள்.

"அம்மா, நீ காண்ட்ராக்டராம். மூணு வருசமா வருமான வரி கட்டலயாம்."

நான் சிரித்துவிட்டேன். காண்ட்ராக்டர் என்றால் ரோடு போடுகிறவன். கடைக்கு ஓடினேன். முதலாளி தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"பில்லு பூராம் ஒம் பேர்லதான இருக்கு? கையெழுத்து ஒன்னோடதுதான? பத்துப் பேரத் தனித்தனியா எழுதிக்கிட்டு ஒக்காரவா எனக்குச் சோலி?"

மதுரைக்குப் பஸ் ஏறினேன். வரி ஆபீஸில் இருந்தவர் சின்ன வயசுக்காரர், நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். பத்துப் பேர் கூலி முழுவதும் என் ஒருத்தியின் வருமானமாக அவர் முன்னால் கிடந்தது. நான் அழுதேன். அவர் பொறுமையாகச் சொன்னார்.

"அம்மா, அந்தப் பெண்கள் வந்து நாங்க கூலி வாங்கினோம்னு ரேகை வச்சா போதும். அப்புறம் உங்க பங்கு கொஞ்சந்தான், அதுக்கு வரியே வராது. கடையில வாராவாரம் உங்க பேர்ல வரி பிடிச்சு எங்களுக்குக் கட்டியிருக்காங்க பாருங்க, அந்தப் பிடித்தம்கூடத் திரும்பக் கிடைக்கும்."

எந்தப் பிடித்தம் என்று கேட்டேன். தாளைத் திருப்பிக் காட்டினார். சீட்டில் இருந்த அதே தொகைகள், வாரம் தவறாமல். ஒரு காய்கூடக் குறைந்திருக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்சில் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. முதலாளி மேல், கணக்கப்பிள்ளை மேல், கைநாட்டு வைக்க வெட்கப்பட்ட ஒன்பது பேர் மேல்.

வீடு வீடாகப் போனேன். எல்லாரும் ஒரே பேச்சு. "ரேகைய வாங்கிட்டு நாளைக்கு எங்க வீட்டுக்கும் வரி கேட்டு வருவான். அவ வந்தா நாங்களும் வர்றோம்." அவள் என்றால் தெருக்காரி.

அவள் வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டாள். கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"வர்றேன் மதினி. அத்தன பேரையும் கூட்டிக்கிட்டு நானே வர்றேன். நான் காய் எடுக்கலன்னு நீ ஒரு வார்த்த சொல்லு. தெருவுல நின்னு சொல்லு. அது போதும்."

பணம் கேட்கவில்லை. கழித்த கூலியைத் திருப்பிக் கேட்கவில்லை. எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தத் தாளைக் கண்ணால் பார்த்துவிட்டு நேராக அங்கே வந்து நிற்கிறேன். எதிர்வீட்டில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். வாயைத் திறந்தேன்.

"அப்ப காய் எங்கடி போச்சு?" என்றேன்.

அவள் கையில் இருந்த சட்டியைக் கழுவி முடித்தாள். கவிழ்த்து வைத்தாள். உள்ளே போய்விட்டாள்.

வரியும் அபராதமும் சேர்ந்து தபால் ஆபீஸ் பணத்தைத் துடைத்துக்கொண்டு போயின. பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டும் கெடு முடிந்தது. அடுத்த வாரம் என் மகள் வேறொரு வீட்டுக் கூடத்தில் காய் பொறுக்க உட்கார்ந்தாள்.

வரி ஆபீஸ்காரன் என் குடியைக் கெடுத்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திட்டினேன். கேட்டவர்கள் எல்லாரும் பாவம் என்றார்கள். என் மகளும் இன்றுவரை அப்படித்தான் நம்புகிறாள்.