காற்று வண்டியும் நூற்றெட்டுத் தேங்காயும்

எங்கள் மாமாவுக்குச் சக்கரத்தின் மீது நம்பிக்கை போனதற்கு, அவருடைய மோட்டார் சைக்கிள் புக்கிட் செலம்பாவ் ரோட்டில் அடிக்கடி பஞ்சரானதுதான் காரணம் என்று அம்மா சொல்வாள். மாமா ஒப்புக்கொள்ள மாட்டார். விஞ்ஞானம் தெரியாதவர்களோடு பேசி என்ன பயன் என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்பக்கக் கொட்டகைக்குப் போய்விடுவார்.

மாமா அம்மாவின் தம்பி. குருண் டவுனில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். கல்யாணம் ஆகாததால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, தூக்கம் எல்லாம். ஷிப்ட் முடிந்து வந்தால் ஏதாவது ஒன்றைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருப்பார். பெரும்பாலும் அது எங்கள் வீட்டுச் சாமானாகத்தான் இருக்கும். எனக்கு அப்போது எட்டு வயது. கழற்றியதை மாட்டத் தெரிந்தவர்தான் பெரியவர் என்ற அறிவு அப்போது எனக்கு இல்லாததால், மாமாவை நான் பெரிய விஞ்ஞானி என்று நம்பினேன்.

அந்த வருடம் அவர் தலையில் ஏறியிருந்தது ஹோவர்கிராஃப்ட். காற்றின் மேல் ஓடும் வண்டி. யாரோ ஓர் ஆங்கிலேயர், படகு கட்டுகிறவர், பூனைத்தீனி டின்னைக் காப்பித்தூள் டின்னுக்குள் கவிழ்த்து வைத்து, இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாகக் காற்றைக் கீழே ஊதி, அது தராசை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்த்தாராம். வெறுமனே ஊதுவதைவிட வளையமாக ஊதினால் காற்று பலமாகத் தூக்குகிறது என்று கண்டுபிடித்தாராம். இதை வீடியோவில் பார்த்த மாமா அன்றைக்கே சார்டின் டின், பிஸ்கட் டின், அம்மா பலகார மாவு நிறுக்கும் தராசு, என் அக்காவின் ஹேர் டிரையர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தார். தராசு முள் ஆடியது. மாமா கைதட்டினார். ஹேர் டிரையர் கருகிப் போனது. அக்கா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு வண்டி வளர்ந்தது. வட்டமாக அறுத்த பிளைவுட் பலகை, புல் வெட்டும் கான்ட்ராக்டரிடம் இரவல் வாங்கிய, குப்பையை ஊதித் தள்ளும் இரண்டு புளோவர், பலகையைச் சுற்றி நீலக் கேன்வாஸ். அந்தக் கேன்வாஸ்தான் முக்கியம் என்பார் மாமா. ஆங்கிலேயர் செய்த முதல் வண்டிக்கு அது இல்லையாம். சின்ன மேடு வந்தாலும் இடிக்குமாம். பிறகுதான் சுற்றிலும் பாவாடை மாதிரி ஒன்றைக் கட்டினார்களாம். காற்று அதற்குள் அடங்கி நிற்கும், வண்டி மேடு பள்ளம் பார்க்காமல் போகும். அப்படிப்பட்ட வண்டிகள் மோட்டார் காரையெல்லாம் ஏற்றிக்கொண்டு கடலைத் தாண்டியிருக்கின்றன என்று சொல்வார். இப்போது ஏன் அவ்வளவாக இல்லை என்று நான் கேட்டதற்கு, சாப்பிடப் போ என்று சொல்லிவிட்டார்.

இதே நேரத்தில் மாமாவுக்கு இன்னொரு விஷயமும் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் குடியிருந்த வீடமைப்புப் பகுதியான தாமானின் கோவில் தலைவர் மகளுக்கும் அவருக்கும் ஜாதகம் பார்த்திருந்தார்கள். அந்த அக்கா பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்துவிட்டு யுனிவர்சிட்டியில் இடம் கிடைக்குமா என்று காத்துக்கொண்டிருந்தார். இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கல்யாணம்தான் முதலில் என்பது தலைவரின் முடிவு. மாமாவுக்கு அந்த அக்கா மேல் கொள்ளை ஆசை. அதுவரை எல்லாரையும் போல் தலைவரை அவர் "அண்ணே" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் மகளைக் கட்ட முடியாதே! அதனால் ஜாதகம் பொருந்திய நாளிலிருந்து "தலைவரே, தலைவரே" என்று பல்லைக் காட்ட ஆரம்பித்தார். தலைவருக்கு மட்டும் இன்னும் ஒரு குறை. மாப்பிள்ளை நல்ல பையன்தான், ஆனால் தகர டின்னை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறானே என்று.

திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கோவில் ரதத்தை வெளியே இழுத்துப் பார்த்தார்கள். அச்சு முழுக்கக் கரையான். செம்பனைக் காட்டை ஒட்டிய கொட்டகையில் வருடம் பூராவும் கிடந்தால் வேறென்ன ஆகும்? புதிது செய்ய நேரமில்லை. பக்கத்துத் தாமான் கோவிலில் வெள்ளி ரதம் இருந்தது. இரவல் கேட்பதைவிட அம்மனைக் கோவிலுக்குள்ளேயே உட்கார வைத்துவிடலாம் என்றார் தலைவர். அப்போதுதான் மாமா எழுந்து நின்றார்.

கூட்டம் தலைவர் வீட்டு ஹாலில் நடந்தது. நான் மாமாவோடு போயிருந்தேன், ஓசியில் முறுக்கு கிடைக்கும் என்று.

"டயர் இல்லாம எப்டிப்பா ஓடும்?" என்றார் தலைவர்.

"காத்துலதான் தலைவரே. ஒத்த வெரலால தள்ளலாம்."

"சாமி கீழ விழுந்துச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"விழாது லா. வெள்ளி ரதம் தரையிலதான போவுது? நம்ம அம்மன் மெதந்து வருவா, பாருங்க."

வெள்ளி ரதம் என்றதும் ஹாலில் இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மாமா அதற்கு மேல் கெட்டிக்காரத்தனமாக ஒன்றும் சொல்லத் தேவையில்லாமல் போனது. ஆனாலும் விடவில்லை. சார்டின் டின்னில் ஆரம்பித்துப் பாவாடை வரைக்கும் முழுக்கதையையும் சொன்னார். தேநீர்த் தட்டோடு வந்த அந்த அக்கா சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் கொட்டாவி விட்டார்கள். அந்த அக்கா ஒருத்தர்தான் விடவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தக் கேன்வாஸ்ல கூரா எதாச்சும் பட்டு கிழிஞ்சிட்டா?"

மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கிழிந்தால் காற்று வெளியே போய்விடும், வண்டி உட்கார்ந்துவிடும், ஆனால் எலெக்‌ஷன் வருவதால் நம் ரோட்டில் புதுத் தார் போட்டிருக்கிறார்கள், ஆணியும் கண்ணாடியும் ஏது என்று அந்த அக்காவுக்காகவே பாடம் நடத்துவதுபோல் விளக்கினார். வீட்டுக்குத் திரும்பும்போது மோட்டார் சைக்கிளில் சீட்டியடித்துக்கொண்டே வந்தார். "எப்டி கேட்டா பாத்தியா? இந்த வேலையில இண்ட்ரஸ்ட் இல்லாம இப்டிக் கேக்க முடியுமா?" என்றார். முடியாது என்று நானும் சொன்னேன்.

அடுத்த வாரம் இன்னொரு நல்ல செய்தி வந்தது. எங்கள் கோவில் ஊர்வலத்தில் வீட்டுக்கு வீடு அர்ச்சனைத் தட்டுதான் கொடுப்பார்கள். ரோட்டில் சிதறுதேங்காய் போடுவது முச்சந்தியில் இருக்கும் தலைவர் வீட்டில் மட்டும்தான், அதுவும் ஒரே ஒரு தேங்காய். இந்த வருடம் அந்த அக்கா நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறாராம். என்ன வேண்டுதல் என்று கேட்டதற்கு, நல்லபடியாக நடக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாராம். இந்தக் காலத்துப் பெண்ணுக்கு இவ்வளவு பக்தியா என்று தலைவர் கண் கலங்கிவிட்டார். எங்கள் அம்மாவும் கலங்கினாள். மாமா அன்றைக்கு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

திருவிழா அன்று வண்டியைப் பார்த்த யாருக்கும் அது பிளைவுட் பலகை என்று தோன்றியிருக்காது. நீலக் கேன்வாஸில் அம்மன் வருவதா என்று பெண்கள் சண்டை பிடித்து, அதன் மேல் சிவப்புப் பட்டுத்துணியைச் சுற்றி ஜரிகை வைத்துத் தைத்திருந்தார்கள். நடுவில் பீடம், பீடத்தில் உற்சவர் அம்மன், சுற்றிலும் செவ்வந்தி மாலை. பூசாரி பக்கத்தில் நடந்து வர ஏற்பாடு. கற்பூரம் அணைந்துபோகும் என்று அதற்குக் கண்ணாடிக் கூண்டு. ரோட்டிலிருக்கும் சின்ன மேடுகளுக்குக்கூட மாமா பலகை தயார் செய்திருந்தார். பிறந்ததிலிருந்து வருடா வருடம் பார்த்துக்கொண்டிருக்கும் தேங்காய் மட்டும் அவர் கண்ணில் படவே இல்லை. ரதச் சக்கரம் இத்தனை காலம் அந்தச் சிரட்டைகளின் மேல் நறநறவென்று ஏறித்தானே போனது? யாரும் அதை ஒரு விஷயமாக நினைக்கவில்லை.

மாமா புளோவரை இழுத்துவிட்டார். உறுமி மேளம் எங்கே போனதென்று தெரியவில்லை, அப்படி ஒரு சத்தம். சிவப்புப் பட்டு உப்பியது. அம்மன் மெதுவாக மேலே எழுந்தாள். ஒரு விரல் உயரம்தான் இருக்கும், ஆனால் கூட்டம் முழுவதும் கையெடுத்துக் கும்பிட்டது. மாமா விரலால் தள்ளினார். அம்மன் போனாள்! அப்படியே வழுக்கிக்கொண்டு, ஆட்டமில்லாமல், அசைவில்லாமல் போனாள். இதை எத்தனை கிண்டலாகச் சொன்னாலும் அந்தச் சில நிமிடங்கள் நிஜமாகவே அழகாக இருந்தன. பக்கத்துத் தாமான்காரர்கள்கூட வந்து போன் தூக்கிப் படம் பிடித்தார்கள். தலைவர் மாமாவின் தோளில் கைபோட்டு, "மாப்ள" என்று கூட்டத்துக்குக் கேட்கக் கத்தினார்.

முச்சந்தியில் ரோடு கொஞ்சம் இறக்கம். தலைவர் வீட்டு வாசலில் தேங்காய் மலைபோல் குவிந்திருந்தது. வழக்கமாக ஆண்கள்தான் உடைப்பார்கள். அன்று அந்த அக்கா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் தேங்காயைத் தானே ஓங்கி அடித்தார். அப்புறம் பையன்கள் சேர்ந்துகொண்டார்கள். வாசலில் சடசடவென்று வெடித்தது. மாமா அந்த அக்காவையே பார்த்துக்கொண்டு வந்தார். ரோடு முழுக்க வெள்ளையாகச் சிரட்டைச் சில்லு கிடப்பதை அவர் பார்த்தபோது வண்டி இறக்கத்தில் இருந்தது.

"நிப்பாட்டுங்க! தேங்கா ஒடைக்காதீங்க!" என்று கத்தினார். அம்மன் வரும்போது தேங்காய் உடைக்காதே என்று சொல்லுகிறவனை யார் மதிப்பார்கள்? அதோடு காற்றில் போகிற வண்டிக்கு பிரேக் கிடையாது என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. ஐந்தாறு பேர் பிடித்தும் அது பாட்டுக்குச் சில்லுகளின் மேல் போனது. பர்ரென்று ஒரு சத்தம். கிழிந்த இடத்தின் வழியாகக் காற்று, தேங்காய்த் தண்ணீர், திருநீறு, குங்குமம் எல்லாம் ஒன்றாகப் பீறிட்டுத் தலைவரின் முகத்தில் அடித்தது. பூசாரி பாய்ந்து அம்மனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். வண்டி பெருமூச்சு விட்டு, தலைவர் வீட்டு வாசலுக்கு நேரே, அசையாமல் உட்கார்ந்துவிட்டது.

மாமா புளோவரை அணைத்தார். திடீரென்று உறுமி மேளம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது.

யாரும் மாமாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தலைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மனைப் பார்த்தார். "நம்ம வாசல்ல வந்து உக்காந்துட்டா. இதுக்கு மேல அவ என்னத்த சொல்லணும்?" என்றார். அவ்வளவுதான். பொண்ணு வீட்டு வாசலில், மாப்பிள்ளை தள்ளிவந்த அம்மன் நகர மறுத்துவிட்டாள். சிரட்டை, காற்று, கேன்வாஸ் என்று யார் என்ன விளக்கினாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது. அம்மனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனது. மாமா கிழிந்த பாவாடையைச் சுருட்டிக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்து அழுதார். பெரிய ஆண்பிள்ளை அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அம்மன் மேல் கோபமாக வந்தது.

கல்யாணப் பேச்சு அதோடு முடிந்தது. கொஞ்ச நாளில் அந்த அக்காவுக்கு யுனிவர்சிட்டியில் இடம் கிடைத்தது. இந்த வருடம் நேரம் சரியில்லை, படிக்கட்டும் என்று தலைவரே அனுப்பினார். எஞ்சினியரிங்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அந்த அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமா ஷிப்ட்டில் இருந்தார். அம்மாவிடம் பலகாரம் கொடுத்துவிட்டு, வாசலில் நின்ற என்னிடம், "மாமாவுக்கு அன்னிக்கு அடி ஒண்ணும் படலல்ல பாப்பா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நல்ல வண்டி, அதை விட்டுவிட வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அத்தனை தேங்காய் உடைத்து என்ன பலன்?

"ஒங்க வேண்டுதல் பலிக்காம போச்சே அக்கா" என்றேன்.

அக்கா என் கன்னத்தைக் கிள்ளினார். "யாரு சொன்னா? நல்லா பலிச்சிச்சே" என்று சிரித்துவிட்டு, காரில் ஏறிப் போனார்.

நான் உள்ளே ஓடி, கல்யாணம் நின்ற துக்கத்தில் அந்த அக்காவுக்குப் புத்தி கொஞ்சம் பேதலித்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா மாவு பிசைந்த கையோடு அப்படியே நின்றாள். பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மாமா வேலை முடிந்து வந்து எதற்குச் சிரிக்கிறாய் என்று எத்தனையோ தடவை கேட்டும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன், அந்த அக்கா உங்களுக்கு அடிபட்டதா என்று கேட்டுவிட்டுப் போனார் என்று. மாமா அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு வருடம் அவருக்காகக் காத்திருந்தார். மாமாவுக்கு நல்லது செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் அதைத் திரும்பத் திரும்ப நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.