எழுப்ப முடியாத இடம்

செங்கல்பட்டில் என் மகன் கீபோர்டு கற்கும் வகுப்புக்கு ஓர் அம்மாவும் தன் மகளை அழைத்து வருவார். பொத்தேரி விடுதி ஒன்றில் காவலாளி. வேலை முடிந்து நீலச் சீருடையோடு நேராக வருவார். நாற்காலி காலியாக இருந்தாலும் வாசலில் நின்றுகொண்டேதான் இருப்பார்.

"பாப்பாவுக்குப் பாட்டுன்னா ரொம்ப ஆசையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதெல்லாம் இல்லக்கா. எங்க ஊரு சர்ச்சுல நாங்க முன்னாடி குந்துனா, பெரிய வூட்டுக்காரங்க வராங்க, பின்னாடி போன்னு எழுப்பி வுடுவாங்க. கீபோர்டு வாசிக்கிறவள எவன் எழுப்புவான்? பாட்டு நின்னுடும்ல?"

பிறகு, "உங்க பையன் இன்னாத்துக்குக் கத்துக்கறான்?" என்றார்.

எழுந்து, என் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"அவ குந்துனா போதும்க்கா" என்றார், மகளின் விரல்களிலிருந்து கண்ணை எடுக்காமல்.